பாதி எலிக்கு ஊசி, பாதி எலிக்குக் கேஸ்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குப் பொறுப்பாக இருந்த கால்நடை மருத்துவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ச்சை டாக்டர்' என்று கேட்டால்தான் வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். கேன்டீன் மேசையை அழுக்குத் துணியால் துடைத்த தடம் தெரிந்தால் ச்சை. கதவுப் பிடி பிசுபிசுத்தால் ச்சை. யாராவது விரலை நாக்கில் தொட்டுக் காகிதம் புரட்டினால், எவ்வளவு அவசரமான காகிதமாக இருந்தாலும் அதன்பின் அதை அவர் தொடமாட்டார்.

அவர் இந்தப் படிப்புக்கு வந்ததற்கே அருவருப்புதான் காரணம். மனிதன் இருமினால் எதிரில் இருப்பவன் முகத்தில் இருமுவான், மாடு அப்படிச் செய்யாது என்று இளவயதில் நம்பினார். முதல் வேலையில் ஒரு பசு, சாணியில் தோய்ந்த வாலால் வாயோடு சேர்த்து ஒன்று வைத்தபோது அந்த நம்பிக்கையும் போயிற்று. அதன் பிறகுதான் எலிகளிடம் வந்து சேர்ந்தார். வெள்ளை எலி ஓயாமல் உட்கார்ந்து தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். மீசையைத் துடைக்கும், காதுக்குப் பின்னால் துடைக்கும், வாலை இரண்டு கையாலும் பிடித்து நுனிவரை நக்கும். "இந்தக் கட்டடத்துல சாப்பிட்டா வாயைத் துடைக்கிற ஜீவன் அது ஒண்ணுதான்" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவசரமாக வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்கா கணவரை இழந்தவள். முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஏன் கல்யாணம் செய்துவைக்கவில்லை என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் தயாராக இருக்கும். "மணமேடையில கையுறை போட்டுக்கிட்டு உட்காருவான். பொண்ணு பயந்து ஓடிட்டா அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

அக்காவுக்குச் சர்க்கரை நோய். பல வருடங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்தாள். மாத்திரை சர்க்கரையைக் கட்டிவைத்தது. ஆனால் வயிற்றைப் புரட்டியது. ஒவ்வொரு நாளும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஏதோ கடன் கேட்க வந்த உறவுக்காரன் என்பதுபோல் முறைத்துவிட்டுத்தான் விழுங்குவாள். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒருநாள் மாத்திரைகளை எடுத்து மேசை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டாள். அதற்கு வழி செய்து கொடுத்தவர் தம்பிதான். வேண்டுமென்று செய்யவில்லை, வாய் சும்மா இருக்கவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அப்போது, சர்க்கரை நோய்க்கென்று ஒரு கம்பெனி விற்க நினைத்த வேர்ப்பொடியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பும் சர்க்கரையும் கலந்த தீனி போட்டுக் குண்டாக்கி, சர்க்கரை ஏறவைத்த எலிகள். அவற்றில் பாதிக்குப் பொடி. பாதிக்கு வெறும் தீனி. சில வாரம் கழித்து இரண்டு கூட்டத்தின் ரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். முதல் தடவை ரத்தம் எடுத்தபோது டாக்டர் கண்வலி வந்து வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது கட்டடமே கல்யாண வீடுபோல் இருந்தது. பொடி தின்ற எலிகளின் சர்க்கரை மற்றவற்றில் பாதிகூட இல்லையாம். டைரக்டர் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். டாக்டர் கேக்கை வாங்கவில்லை. வெட்டிய கத்தியை டைரக்டர் முதலில் சட்டையில் துடைத்ததை அவர் பார்த்துவிட்டார். ஆனால் செய்தியை வாங்கிக்கொண்டார். அன்று மாலை வீட்டில் பெருமையாக அதைச் சொல்லவும் செய்தார்.

அக்கா பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பொட்டலம் கொண்டா."

"மனுஷங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலக்கா."

"எலிக்குக் குடுப்பீங்க, கூடப் பொறந்தவளுக்குக் குடுக்க மாட்டீங்க. நல்லா இருக்குடா நியாயம்."

அவர் தரவில்லை. ஆனால் டைரக்டரின் பேத்திக்குச் சீருடை தைத்தவள் அக்கா. அவரிடமே கேட்டாள். அடுத்த நாள் டைரக்டரின் டிரைவர் ஒரு டப்பா நிறையப் பொடியைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஐயா தைரியமா சாப்பிடச் சொன்னாரும்மா." பெரிய மனிதர் சொல்லி அனுப்பியபின் எலி டாக்டர் பேச்சு எடுபடுமா? தம்பி ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டார். பிறகு அவரும் அடங்கினார். ரத்தத்தின் கணக்கு அவர் கண் முன்னால் இருந்தது. கணக்கோடு எப்படிச் சண்டை போடுவது? போதாக்குறைக்கு அக்கா முன்னைவிடத் தெம்பாக இருந்தாள். வயிற்றுப் புரட்டல் நின்றுபோனது. மாத்திரையை நிறுத்தினால் மாத்திரை தந்த தொல்லையும் நிற்கும். அதைப் பொடியின் மகிமை என்று இரண்டு பேருமே நம்பினார்கள்.

முதலில் கண்டுபிடித்தது அவருடைய மூக்குதான்.

ஒரு காலையில் டீ குடிக்க உட்கார்ந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அக்கா, இங்க என்னமோ செத்துக் கிடக்கு."

"உன் சொந்தக்காரன் எவனாவது இருப்பான். அலமாரிக்குப் பின்னால பாரு."

அலமாரியை நகர்த்திப் பார்த்தார். துணி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். எலி எதுவும் இல்லை. நாற்றம் தையல் இயந்திரத்தின் பக்கமிருந்து வந்தது. குனிந்தார். இயந்திரத்தின் மிதிபலகையில் ஓர் ஆணி தலை தூக்கி நின்றது. அக்காவின் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் ஒவ்வொரு மிதிக்கும் அதில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. விரலின் அடிப்பக்கம் கறுத்து, ஓரம் வெளுத்து ஊறி, நடுவில் குழியாகி, குழியில் மஞ்சளாக ஏதோ தேங்கி நின்றது. பல நாளாக ஈரத்தில் கிடந்த இறைச்சியின் வாடை. டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வலிக்கலையாக்கா உனக்கு?"

"எங்க?" என்றாள் அக்கா. காலை மடக்கிப் பார்த்த பிறகுதான் அவள் முகமே மாறியது. சர்க்கரை அவள் பாதத்து நரம்புகளை எப்போதோ மரத்துப்போகச் செய்திருந்தது.

அவர் புண்ணைக் கழுவி மருந்து வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வா என்றார். அக்கா மாட்டேன் என்றாள். ஆணி குத்தினால் புண் வரத்தான் செய்யும், சர்க்கரைதான் இறங்கிவிட்டதே. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து மீட்டர் கொண்டுவந்து அவள் விரலில் குத்தினார். மீட்டர் எண்ணே காட்டவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

"அது எலி மீட்டர்டா. என்னை எலின்னு நெனச்சிருக்கும்."

"எலிக்கு இவ்வளவு இருந்தா எப்பவோ செத்திருக்கும்."

"வாயைக் கழுவு. எலிக்கு இறங்கினது எனக்கு மட்டும் எப்படிடா ஏறும்? நீயே சொல்லு. கணக்கு நீதானே சொன்னே?"

அவர் மீட்டரைத் துடைத்து உறைக்குள் போட்டார்.

அதே வாரம் எலிகளுக்கு இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. இந்த முறை அவரே நின்று நடத்தினார். ஒவ்வொரு எலியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு மயக்க வாயுவை, அவர்கள் பேச்சில் 'கேஸை', திறந்துவிடுவார்கள். எலி இரண்டு சுற்றுச் சுற்றும், மூக்கைத் தூக்கும், பிறகு பக்கவாட்டில் மெல்லச் சாயும். சாய்ந்ததும் கண்ணோரத்தில் மெல்லிய கண்ணாடிக் குழாயை வைத்து ரத்தம் எடுக்கும் வேலை, 'குத்தூசி' என்று பெயர் வாங்கிய டெக்னீஷியன் பெண்ணுடையது. கை சுத்தம், வாய் அந்த அளவுக்கு இல்லை.

கணக்கு வந்தது. பொடி தின்ற எலிகளுக்கும் தின்னாத எலிகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்குச் சர்க்கரையோடு இருந்தன.

டாக்டர் அந்த எண்களைப் பார்த்தபோது அவருக்கு எலிகள் ஞாபகம் வரவில்லை. அக்காவின் விரல்தான் கண் முன்னால் நின்றது.

குத்தூசி குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போனார். "போன தடவை நான் இல்லாதப்போ எப்படிம்மா எடுத்தீங்க?"

"எப்பவும்போலத்தான் சார்."

"எல்லாத்துக்கும் கேஸா?"

"பொடி தின்னதுங்களுக்குக் கேஸ் சார். அதுங்கள முடிச்சப்போ கேஸ் தீர்ந்துபோச்சு. புது பாட்டில் வர ஒரு வாரம் ஆகும்னாங்க. டைரக்டர் சார் வந்து, மிச்சத்துக்கு மயக்க ஊசி போட்டு எடுத்துடுங்கன்னாரு. எடுத்துட்டேன்." அவர் முகத்தைப் பார்த்ததும் குழாயைக் கீழே வைத்தாள். "ஏன் சார், தூங்கினாப் போதாதா? எதுல தூங்கினா என்ன?"

அவர் உள்ளே போய், எந்தச் சோதனையிலும் சேராமல் சும்மா இருந்த ஓர் எலியை எடுத்துவந்தார். விழித்திருக்கும்போதே வால் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தார். சாதாரண அளவு. பிறகு அந்த மயக்க ஊசியைப் போட்டார். எலி துவண்டு, கண் திறந்தபடியே உறங்கியது. காத்திருந்து மறுபடி ஒரு பொட்டு. எண் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. அதே எலி, அதே வால், நடுவில் ஒரு வாய் தீனிகூட இல்லை. இன்னோர் எலியிடமும் பார்த்தார். அப்படியேதான்.

"ஐயையோ" என்றாள் குத்தூசி.

"அந்த ஊசியில இருக்கிற ஒரு மருந்து இன்சுலினைச் சுரக்க விடாது. சர்க்கரை எகிறிடும். கேஸும் கொஞ்சம் ஏத்தும்; ஏன், கையில பிடிச்சுப் பயமுறுத்தினாலே ஏறும். அது பரவாயில்ல, ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி ஏறினா ஒப்பிட்டுப் பாத்துடலாம். நீங்க பண்ணினது என்ன தெரியுமா? ஒருத்தனைத் தரையில நிக்கவெச்சு, இன்னொருத்தனை ஸ்டூல் மேல ஏத்திவிட்டு, யாரு உசரம்னு பாத்திருக்கீங்க. பொடி சர்க்கரையை இறக்கவே இல்லம்மா. பொடி தின்னாததுங்களுக்கு ஊசி ஏத்திவிட்டிருக்கு."

"நான் அதுக்குக் கேக் வேற தின்னேன் சார்" என்றாள் அவள்.

டைரக்டரின் அறைக்குப் போவதென்றால் டாக்டர் வாசலிலேயே ஒருமுறை மூச்சை நிரப்பிக்கொள்வார். அந்த மனிதர் மேசைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்காருவார். அறை முழுக்க ஊறிய காலுறையின் நெடி. கார்ச் சாவியால் காது குடைவார். குடைந்ததை எடுத்துப் பார்ப்பார். பார்த்தபின் அதே சாவியால் மேசையைத் தட்டித் தட்டி உலக நியாயம் பேசுவார். அன்றைக்கும் சாவி காதில்தான் இருந்தது.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். இரண்டு எலிகளின் எண்களையும் சொன்னார். டைரக்டர் திடுக்கிடுவார், தலையில் கை வைப்பார் என்று எதிர்பார்த்தார். டைரக்டர் சாவியைத் துடைத்துக்கொண்டார்.

"ஊசி போட்டா ஏறும்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

"தெரிஞ்சேவா சார் பண்ணினீங்க?"

"பண்ணும்போது ஞாபகம் இல்ல. கணக்கு வந்ததும் யோசிச்சேன். யோசிச்சுட்டு விட்டுட்டேன்." சாதாரணமாகச் சொன்னார், எதையோ வாங்க மறந்துவிட்டேன் என்பதுபோல. "கம்பெனிக்காரங்க மூணாவது ரீடிங் பாத்துட்டு முடிவு பண்றாங்க. ரெண்டாவதுல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம். மூணாவதை முதல் தடவை எடுத்தமாதிரியே எடுத்துடுங்க."

"பாதிக்கு ஊசி, பாதிக்குக் கேஸா?"

"ஆமா. சயின்ஸ்ல முறை மாறக் கூடாது இல்லையா?"

டாக்டருக்கு அந்த நிமிடம் அறையில் உட்கார்ந்திருக்கவே கூசியது. கால் நெடி ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மோசடி செய்பவன் ஒளிந்து மறைந்து செய்தாலாவது அவனிடம் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருக்கிறது என்று பொருள். இவர் வெட்கத்தையும் காதுக்குள்ளிருந்து குடைந்து எடுத்து எப்போதோ சுண்டிவிட்டிருந்தார்.

"எங்க அக்கா அந்தப் பொடியைச் சாப்பிடறாங்க சார்."

"சாப்பிடட்டுமே. வேர்தானே, என்ன பண்ணிடப்போகுது?"

"மாத்திரையை நிறுத்திட்டாங்க. கால் விரல் அழுகுது."

"மாத்திரையை நான் நிறுத்தச் சொல்லலியே" என்றார் டைரக்டர்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஆதியோடந்தமாகச் சொன்னார். ஸ்டூல் உதாரணத்தையும் சொன்னார். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "உனக்கு அவரைக் கண்டா ஆகாதுடா. காது குடையறாருன்னு வந்து சொல்லிட்டே இருப்பியே" என்றாள். "போன மாசம் கணக்கு சரின்னே. இந்த மாசம் தப்புங்கறே. அடுத்த மாசம் என்ன சொல்லுவியோ? மறுபடி அந்த மாத்திரையைத் தின்னுட்டு வாந்தியும் வயித்தாலையுமாக் கெடக்க என்னால முடியாது. அவர் வாயால தப்புன்னு சொல்லட்டும், விட்டுடறேன்."

"சொல்ல மாட்டார்க்கா."

"அப்போ நீ சொல்றதுதான் தப்பு."

இதற்குள் விரலின் கறுப்பு அடுத்த விரலை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை. மறுநாள் மதியம் வாடகைக் கார் பிடித்து அக்காவை டைரக்டரிடமே கூட்டிப்போனார். அங்கே என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியாது. முகத்துக்கு நேராக, அதுவும் அழுகிய காலோடு நிற்கும் ஒரு பெண்ணிடம் எவ்வளவுதான் பொய் சொல்வார் பார்ப்போம் என்ற குருட்டு நம்பிக்கைதான். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, வெட்டி மிஞ்சிய சீருடைத் துணியில் விரலுக்கு ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

டைரக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் நிறைய வைத்துக்கொண்டே, "வாம்மா வாம்மா, உக்காருங்க" என்றார். ஒரு பருக்கை பறந்து மேசைக் கண்ணாடியில் ஒட்டியது. அக்கா அதைக் கவனிக்கவில்லை, கைகூப்பி உட்கார்ந்தாள்.

"ஐயா, பொடி வேலை செய்யலன்னு தம்பி சொல்றான். நீங்க சொல்லுங்க."

"தம்பி ரொம்ப ஜாக்கிரதையான ஆளு. தப்பில்ல" என்று சிரித்தார். "நீங்க கவலப்படாதீங்க. கொஞ்சம் பொறுமையா சாப்பிட்டு வாங்க. எல்லாம் உடனே தெரியாது. இயற்கை மருந்து மெதுவாத்தான் வேலை செய்யும்."

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். பாத்தியா என்பது அதன் பொருள். டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருந்த பருக்கையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

டைரக்டர் சாப்பாட்டை முடித்தார். ஏப்பம் விட்டார். கை கழுவாமல் இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, பல்லால் ஓரத்தைக் கிழித்து, ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தினமும் செய்கிற காரியம். கை தானாகச் செய்தது.

அக்கா அந்த அட்டையையே பார்த்தாள். பச்சைக் கோடு போட்ட வெள்ளி அட்டை. எத்தனை வருடம் அதை முறைத்திருக்கிறாள்! இருட்டில் தடவியே சொல்லிவிடுவாள்.

"ஐயா, அது சர்க்கரை மாத்திரைதானேங்க?"

"ஆமாம்மா" என்றார் டைரக்டர் யோசிக்காமல். "எனக்கும் ரொம்ப வருஷமா இருக்கு."

"அப்போ பொடி?"

டைரக்டர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். "எனக்கு... அது வயித்துக்கு அவ்வளவா ஒத்துக்கல."

"சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

அவர் கை மேசைமேல் சாவியைத் தேடியது.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். "ஐயா, உங்க பேத்திக்குச் சட்டை தைக்கறப்போ, கழுத்துப்பட்டியை முதல்ல என் கழுத்துல தேய்ச்சுப் பாப்பேன். உறுத்திச்சுன்னா பிரிச்சுட்டு வேற துணி வெச்சுத் தைப்பேன். படிக்காதவ, எனக்குத் தெரிஞ்ச சோதனை அவ்வளவுதாங்க."

"அம்மா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது..."

"இல்லீங்க. இனிமே எதையும் எடுத்துக்கறதா இல்ல."

தாழ்வாரத்தில் அவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. நொண்டிக்கொண்டே, தெருவில் குழாயடிச் சண்டையில்கூட அவர் அவள் வாயில் கேட்டிராத ஒரு வசவை நிதானமாகச் சொன்னாள். பிறகு, "வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்த சர்ஜன் முதலில் அக்காவைத் திட்டினார். தம்பி கால்நடை மருத்துவர் என்று தெரிந்ததும் அவரைத் திட்டினார். "மாட்டுக்கு இப்படி ஆனா விட்டுட்டு இருப்பீங்களா?" டாக்டர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். விரல் பிழைக்காது, அதை எடுத்தால் பாதம் பிழைக்கும், தாமதித்தால் அதுவும் போகும் என்றார்கள். அறுவைக்கு நாள் குறித்தார்கள். எலிகளின் மூன்றாவது ரத்தம் எடுக்கவேண்டிய நாளும் அதுதான்.

டாக்டர் டைரக்டரிடம் போய், பாதிக்கு ஊசி பாதிக்குக் கேஸ் என்று தன் கையால் போடமாட்டேன் என்று சொன்னார். கத்துவார் என்று நினைத்தார். டைரக்டர் முகத்தில் கனிவு வழிந்தது. "நீங்க ஏன் வரணும்? அக்காவுக்கு ஆபரேஷன். லீவு எடுத்துக்குங்க. வேணும்னா இன்னும் கூட எடுத்துக்குங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கில்ல?" அருவருப்புகளில் இப்படி ஒன்று இருப்பது டாக்டருக்கு அன்றுவரை தெரியாது. காதுக் குறும்பியைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, வைத்துக்கொள் என்று தட்டிக்கொடுப்பது போல. அதை வேண்டாம் என்று அவரால் சொல்ல முடியவில்லை, லீவு வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்ட தன் மேலேயே அவருக்குக் குமட்டியது.

போகும் வழியில் கம்பெனிக்காரர் எதிர்ப்பட்டார், மினுமினுக்கும் ஷூவும் வாசனைத் திரவியமுமாக. டாக்டர் அவரை ஓரமாக நிறுத்தி நடந்ததைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நாங்க ரிப்போர்ட்டைத்தான் பாப்போம். எலியைப் பாக்க மாட்டோம்" என்றார். அவர் கை குலுக்க நீட்டியபோது டாக்டர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அறுவை நாள் காலையில் அக்கா பச்சை அங்கியில் கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னையும் பெட்டிக்குள்ள விட்டு கேஸ் திறந்துவிடுவாங்களாடா?"

"இல்லக்கா. காலை மட்டும் மரத்துப்போகப் பண்ணுவாங்க. முழிச்சுட்டுத்தான் இருப்பே."

"என் கால் ஏற்கெனவே மரத்துப்போயித்தான் கெடக்கு. மருந்தை மிச்சம் பிடிக்கச் சொல்லு." அங்கியின் தையலைத் திருப்பிப் பார்த்தாள். "அப்புறம் ரத்தம் எடுக்கறதா இருந்தா முதல்லயே எடுத்துடச் சொல்லு. அப்புறமா எடுத்து, எனக்கு மருந்துல ஏறினதைப் பாத்துட்டு வேற எவளுக்கோ இறங்கிடுச்சுன்னு கேக் வெட்டப்போறாங்க."

அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே பெஞ்சில் ஒரு காகிதத்தை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. குத்தூசி.

"சார், ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. கதவுகிட்டயே நிக்கறாரு."

"எல்லாத்துக்கும் கேஸ் குடும்மா. இல்ல எல்லாத்துக்கும் ஊசி போடு. எதுவா இருந்தாலும் ஒரே மாதிரி போடு."

"பாதி போட்டுட்டேன் சார்." குரல் உடைந்தது. "இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற எங்க கிடைக்கும்? எலி கண்ணுல குத்தத் தெரியும்னு போய் எங்க நிப்பேன்? உங்களுக்கு லீவு குடுத்தாரு. எனக்கு யாரு குடுப்பா?"

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. "சரி, போய் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார். அங்கே இப்போது எலிகள் வரிசையாகத் துவண்டு கிடக்கும். நாக்கு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூங்குகிற எலியால் தன்னைத் துடைத்துக்கொள்ள முடியாது. கண்ணோரத்து ரத்தம் வெள்ளை மயிரில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த ரத்தத்திலிருந்து ஓர் எண் வரும். அந்த எண் அச்சில் ஏறும். டப்பாவின்மேல் ஒட்டப்படும். எங்கோ ஒரு வீட்டில் எவளோ ஒருத்தி மாத்திரைகளை இழுப்பறைக்குள் எறிவாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பாதம் தப்பித்தது, தொடர்ந்து மாத்திரையையும் ஊசியையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டு சர்ஜன் போய்விட்டார். அக்காவைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். வாய் வறண்டிருந்தது, ஆனாலும் அது சும்மா இருக்குமா?

"எடுத்ததை எங்கடா வெச்சாங்க?"

"எதைக்கா?"

"என் விரலை. கேட்டு வாங்கிட்டு வா."

"அதை எதுக்கு இப்ப?"

"ஒரு நல்ல டப்பாவாப் பாத்துப் போட்டு உங்க டைரக்டருக்குக் குடுத்தனுப்பு. அவர் டப்பா குடுத்தாரே, பதில் மரியாதை வேண்டாமா? சாப்பிடற நேரமாப் பாத்துக் குடு."

பக்கத்துக் கட்டில்காரி 'உவ்வே' என்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அக்கா கண்ணை மூடி, வேலை முடிந்தவள்போல் தூங்க ஆரம்பித்தாள்.

டாக்டர் போர்வையை இழுத்து அவள் காலில் இருந்த கட்டை மூடினார். பிறகு போய், அறுவை அறை வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸிடம் உண்மையாகவே கேட்டார்.

"அது எரிக்கப் போயிடுச்சு சார்" என்றாள் நர்ஸ். ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒருத்தருக்குக் குடுக்கணும்" என்றார் டாக்டர்.

நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.